அளவெடுத்துத் தைத்த பைக் சீட்

சட்டைக்குக் கழுத்தளவு இருக்கிறது. செருப்புக்கு நம்பர் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி என்றால் இரண்டு கண்ணுக்கும் தனித்தனி பவர். ஆனால் பைக் ஷோரூமுக்குப் போனால் ஐந்தடிக்காரரும் ஆறடிக்காரரும், ஐம்பது கிலோக்காரரும் நூறு கிலோக்காரரும் ஒரே சீட்டில்தான் உட்கார வேண்டும். கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பிரேக் பெடலை ஏற்றி இறக்கலாம். பின்னால் இருக்கிற ஷாக் அப்சார்பரைக்கூட ஆளின் எடைக்குத் தகுந்தபடி இறுக்கலாம். மணிக்கணக்கில் நம் எடையைச் சுமக்கிற சீட்டை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மோட்டார் சைக்கிளின் முதல் ஐம்பது அறுபது வருடங்களில் நிலைமை இப்படி இல்லை. அப்போது சீட் தானாகவே தன் ஆளைப் பழகிக்கொண்டது. பிறகு வசதி என்ற பெயரில் வந்த ஒரு மாற்றம் அதைக் கெடுத்தது. அதைச் சரிசெய்ய ஒரு தனித் தொழிலே கிளம்ப வேண்டியிருந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் 1885. ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்தில் ஒரு பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தினார்கள். உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் சொல்வது இதைத்தான். குதிரைச் சேணம் மாதிரி வளைந்த தோல் இருக்கை, அதற்கு நேர் கீழே எஞ்சின். அந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, சூடாக்கிய குழாய்தான் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும். நவம்பர் மாதம் டைம்லரின் மகன் பால், கான்ஸ்டாட்டிலிருந்து உண்டர்டுர்க்ஹைம் வரை அதை ஓட்டிப் பார்த்தார். வழியில் சீட்டில் தீப்பிடித்துவிட்டதாகச் சொல்வார்கள். ஆக, மோட்டார் சைக்கிள் சீட்டைப் பற்றிய புகார் மோட்டார் சைக்கிள் பிறந்த அன்றே பிறந்துவிட்டது :-)

அடுத்து வந்த தயாரிப்பாளர்கள் சீட்டுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சைக்கிளில் என்ன இருந்ததோ அதையே பெரிதாக்கி எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள் சீட் என்றதும் சொல்ல வேண்டிய பெயர், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜான் போல்ட்பி புரூக்ஸ். 1866-ல் குதிரைக்கான தோல் சாமான்கள் செய்யும் தொழிலைத் தொடங்கியவர். 1878-ல் அவருடைய குதிரை செத்துப்போனது. வேலைக்குப் போகச் சைக்கிளை இரவல் வாங்கினார், அதன் சீட் அவரைப் பாடாய்ப்படுத்தியது, அந்தக் கோபத்தில் நல்ல சீட் செய்ய உட்கார்ந்தார் என்பது அந்தக் கம்பெனியே சொல்லும் கதை. 1882-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிற்பாடு மோட்டார் சைக்கிள்களுக்கும் அவருடைய கம்பெனி சீட் செய்து கொடுத்தது.

அந்தச் சீட்டில் பஞ்சு, மெத்தை எதுவும் கிடையாது. தடித்த மாட்டுத்தோலை முன்மூக்கிலிருந்து பின்கம்பி வரை இழுத்து ஆணி அடித்திருப்பார்கள். கயிற்றுக் கட்டில் மாதிரி, ஆள் உட்காரும்போது தோல் தொங்கித் தாங்கும். கீழே சுருள் ஸ்பிரிங். புதிதாக வாங்கியபோது பலகையில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆளின் எலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் பள்ளமாகி, அவருடைய உடம்பின் அச்சாகவே மாறிவிடும். ரொம்பத் தொங்கிப்போனால் முன்னால் இருக்கும் போல்ட்டைத் திருகி இழுத்துவிடலாம். பழைய செருப்பு காலுக்குப் பழகுவதைப் போலத்தான். யாரும் அளவெடுக்கவில்லை, ஆனால் அளவு சரியாக இருந்தது.

ஸ்பிரிங் என்று சொன்னதால் ரெட்டிச் என்ற ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மிங்ஹாமுக்குத் தெற்கே இருக்கும் இந்தச் சின்ன ஊர் தையல் ஊசிக்குப் பேர்போனது. ஊசிக்குக் கம்பியை இழுக்கவும் பதப்படுத்தவும் தெரிந்தவர்கள் ஸ்பிரிங் செய்யப் போனதில் ஆச்சரியமில்லை. 1855-ல் தொடங்கிய ஹெர்பர்ட் டெர்ரி கம்பெனி அப்படிப்பட்டது. மேஜையில் வைக்கும் ஆங்கிள்பாய்ஸ் விளக்குக்கு ஸ்பிரிங் செய்த அதே டெர்ரிதான் மோட்டார் சைக்கிள் சீட்டும் செய்தது. இதே ரெட்டிச்சில் ஊசி செய்துகொண்டிருந்த ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவரின் தொழில்தான் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ராயல் என்ஃபீல்டு ஆனது. நம்ம ஊர் புல்லட்டின் பூர்வீகம் ஒரு ஊசிப்பட்டறை!

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் கால மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரம் நேராகச் சட்டத்தோடு இறுகியிருக்கும். மேடு பள்ளத்தில் விழும் அடி முழுவதும் ஓட்டுபவரின் முதுகுத்தண்டுக்குத்தான். இதற்கு அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகள் அடுத்தடுத்த வருடங்களில் இரண்டு வேறு பதில்கள் சொன்னார்கள். 1912-ல் ஹார்லி டேவிட்சன் சீட்டைத் தாங்கும் கம்பிக்குள்ளேயே ஸ்பிரிங்கை ஒளித்து வைத்தது. வண்டி ஆடட்டும், ஆள் ஆடாமல் இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. 1913-ல் இந்தியன் கம்பெனி பின் சக்கரத்துக்கே மாட்டு வில்வண்டி மாதிரி வில் பட்டைகளைப் போட்டது. ஆளை விடு, சக்கரத்தைப் பார் என்பது இவர்கள் கணக்கு. (இந்தியன் என்பது அமெரிக்கக் கம்பெனியின் பெயர். நம்மோடு சம்பந்தமில்லை.)

கடைசியில் ஜெயித்தது சக்கரத்துக்கு ஸ்பிரிங் போடுகிற வழிதான். ஆனால் அதற்கு நாற்பது வருடம் ஆனது. ஹார்லி தன் பெரிய வண்டிகளில் பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்ததே 1958-ல்தான். அதுவரை ஆளுக்கு ஏற்றபடி ஆடிக் கொடுக்கும் பொறுப்பு சீட்டிடமே இருந்தது.

இப்போது பின்னால் உட்கார்ந்தவரைப் பார்ப்போம். ஆரம்ப காலத்தில் அவருக்குச் சீட்டே கிடையாது. மட்கார்டின் மேல் இரும்புக் கேரியர், அதன் மேல் ஒரு மெத்தைத் துண்டு, அவ்வளவுதான். அதற்குப் பெயர் பில்லியன். தமிழில் எழுதினால் நூறு கோடி மாதிரித் தெரிகிறது, ஆனால் அந்த பில்லியன் வேறு. குதிரையில் பின்னால் உட்காரும் பெண்ணுக்காகப் போடும் சின்ன விரிப்புக்கான கேலிக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது இது. அந்தச் சொல்லுக்கும் மூலம் தோல் என்று பொருள்படும் லத்தீன் சொல்.

முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு மெத்தை என்ற இந்த ஏற்பாட்டை மாற்றியவர் என்று வட அயர்லாந்தைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்காண்ட்லெஸைச் சொல்கிறார்கள். அவரும் தம்பி குரோமியும் பின் சக்கரம் மேலும் கீழும் ஆடக்கூடிய ஸ்விங் ஆர்ம் சட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். நார்ட்டன் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1950-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் ஜெஃப் டியூக் அந்த வண்டியில் ஜெயித்தார். ஓட்டிப் பார்த்த ஹரால்ட் டேனியல் என்ற வீரர் இறகு மெத்தை மாதிரி இருக்கிறது என்று சொன்னதால் சட்டத்துக்கு ஃபெதர்பெட் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சக்கரமே ஆடுகிறது என்றால் சீட்டுக்கு எதற்கு ஸ்பிரிங்? அதைக் கழற்றியாகிவிட்டது. அந்த இடத்தில் நீளமாக, தட்டையாக, இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு மெத்தை. பந்தயத்தில் நேர்ச்சாலை வந்தால் பின்னால் நகர்ந்து டேங்கின் மேல் படுத்துக்கொள்ளலாம். சாதாரண ஆளுக்கோ வீட்டம்மாவையும் சௌகரியமாக உட்கார வைக்கலாம். பார்க்கவும் லட்சணம். சில வருடங்களுக்குள் டூயல் சீட் எங்கும் பரவிவிட்டது.

உள்ளே என்ன வைப்பது என்ற கேள்விக்கும் விடை தயாராக இருந்தது. 1929-ல் டன்லப் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் ஈ.ஏ.மர்ஃபி ரப்பர் பாலை, முட்டையை அடிப்பது போல நுரைக்க அடித்து, சூட்டில் கெட்டிப்படுத்தி டன்லப்பிலோ என்ற நுரை ரப்பரைச் செய்திருந்தார். அந்தக் காலத்தில் உலகுக்கு ரப்பர் கொடுத்த பெரிய இடம் மலாயா. அங்கே தோட்டங்களில் விடியற்காலையில் எழுந்து பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். இங்கிலாந்துக்காரனின் சொகுசு மெத்தைக்கு அடியில் நம் ஆட்களின் வியர்வை இருந்தது. பிறகு விலை மலிவான பாலியூரிதேன் வந்தது. 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்டுபிடித்த வேதியியல், 1950களில் மெத்தென்ற ஃபோமாகக் கடைக்கு வந்தது. இன்றைக்கு பைக் சீட் என்றால் பெரும்பாலும் இதுதான்.

தப்பு நடந்தது இங்கேதான். தோல் தன் ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஃபோம் வைத்துக்கொள்ளாது. எழுந்தவுடன் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அந்தப் பழைய வடிவத்தை முடிவு செய்தவர் ஏதோ ஒரு ஊரில் இருக்கும் டிசைனர். அவர் மனதில் இருந்தது ஒரு சராசரி உடம்பு. அந்தச் சராசரி ஆளை யாரும் நேரில் பார்த்ததில்லை.

கூடவே வியாபாரக் கணக்கும் ஒன்று உண்டு. வாங்க வருகிறவர் ஷோரூமில் சீட்டில் உட்காருவது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் மெத்தென்று இருந்தால்தான் பிடிக்கும். ஆனால் மெத்தென்ற ஃபோம் ஒரு மணி நேரத்தில் நசுங்கி அடியில் இருக்கும் தட்டில் போய் இடிக்கும். நாம் உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் கீழே இருக்கும் இரண்டு முண்டுகள். ஃபோம் நசுங்கினால் அந்த இரண்டு இடத்திலும் சதை நெரிபட்டு ரத்த ஓட்டம் குறையும். முதலில் மதமதப்பு, பிறகு எரிச்சல், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெளிவது. இந்த வலியால் நீண்ட பயணத்தையே விட்டவர்கள் உண்டு. குள்ளமானவர்களுக்கு இன்னொரு சிக்கல். சீட் உயரமாக இருந்து, முன்பக்கம் அகலமாகவும் இருந்தால் சிக்னலில் கால் தரையைத் தொடாது. வண்டி சாய்ந்தால் அவ்வளவுதான்.

இதற்கு மருந்து அமெரிக்காவில், அதிலும் முக்கியமாகக் கலிஃபோர்னியாவில் கிடைத்தது. லாங் பீச்சில் பேட்ஸ் என்ற கம்பெனி தோல் சாமான்களோடு தனிச் சீட்டும் விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் தொழிலைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் மைக் கார்பின். அமெரிக்கக் கடற்படையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். 1968-ல் கனெக்டிகட் மாநிலத்தில் சீட் செய்யத் தொடங்கினார். எலக்ட்ரீஷியன் புத்தி விடுமா? நடுவில் பேட்டரியில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்றைச் செய்து 1974-ல் பானவில் உப்புச் சமவெளியில் மணிக்கு 165 மைல் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார். பிற்பாடு கம்பெனி கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் ஊருக்கு வந்தது. 1947-ல் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடி ரகளை செய்ததாகப் பத்திரிகைகள் பரபரப்பாக்கிய அதே ஹாலிஸ்டர்தான். மார்லன் பிராண்டோ நடித்த தி வைல்ட் ஒன் படத்துக்கு விதை போட்டது அந்தச் சம்பவம்.

சீட்டை ஆளுக்கு ஏற்றபடி செய்வது எப்படி என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். வாடிக்கையாளர் வண்டியோடு பட்டறைக்கே வந்துவிட்டால் நல்லது. தூரத்தில் இருப்பவர்கள் கழற்றிய சீட்டைப் பார்சலில் அனுப்புவார்கள். கூடவே உயரம், எடை, தொடையிடுக்கிலிருந்து குதிகால் வரை கால் நீளம், எங்கே வலிக்கிறது என்ற குறிப்பு, வண்டியில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் எடுத்த போட்டோ. அந்தப் போட்டோதான் முக்கியம். முதுகு கூன் போட்டிருக்கிறதா, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, கை எட்டிப் பிடிக்கிறதா என்று எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

பழைய கவரை உரித்துவிட்டு ஃபோமைச் சீவுவார்கள். ரொட்டி அறுக்கும் மின்கத்தி, சொரசொரப்பான சக்கரம் வைத்த கிரைண்டர் இவைதான் ஆயுதம். சிற்பி கல்லில் செய்வதை இவர்கள் ஃபோமில் செய்கிறார்கள். பெரும்பாலான கம்பெனி சீட்டுகள் முன்னால் சரிந்திருக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஆள் டேங்கில் போய் முட்டுவார். முதல் வேலை அந்தச் சரிவைச் சமப்படுத்துவது. அடுத்து எலும்பு உட்காரும் இடத்தை அகலமாக்குவது. எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறதோ அவ்வளவுக்கு வலி குறையும். அதே சமயம் முன்பக்கம் தொடைக்கு நடுவில் வரும் பகுதியை ஒடுக்க வேண்டும். உயரத்தைத் துளியும் குறைக்காமலே கால் தரைக்கு எட்ட இது ஒன்று போதும். உயரத்தைக் குறைப்பது சுலபமான வழிதான், ஆனால் அப்படிச் செய்தால் முழங்கால் அதிகமாக மடங்கி வலி அங்கே இடம் மாறிவிடும்.

எடுத்த இடத்தில் கெட்டியான ஃபோம் ஒட்டுவார்கள். கவர் இல்லாமல் அப்படியே ஆளை உட்கார வைத்து, ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லி, திரும்பவும் சீவுவார்கள். புடவைக்கு ஜாக்கெட் தைக்கிறவர் குண்டூசி குத்திப் பார்ப்பது மாதிரி. கடைசியில்தான் கவர். தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஃபோம் கெட்டுவிடும் என்பதால் தையல் எங்கே வருகிறது என்பதும் ஒரு யோசனை. முதல் முறை உட்காருகிறவர்களுக்கு இந்தச் சீட் கல் மாதிரித் தோன்றும். ஆயிரம் மைலுக்கு மேல் ஓட்டிவிட்டுப் பேசுங்கள் என்பார்கள் செய்தவர்கள். பழைய தோல் சீட்டுக்கும் இதே கதைதானே?

தூரம் ஓட்டும் பைத்தியங்கள் இந்தத் தொழிலை வளர்த்தார்கள். அமெரிக்காவில் அயர்ன் பட் என்று ஒரு சங்கம் இருக்கிறது. பெயரை மொழிபெயர்த்தால் நாகரிகமாக இருக்காது. 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது சுமார் 1,600 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினால்தான் உள்ளே சேர முடியும். 1984-ல் தொடங்கிய அவர்களுடைய போட்டியில் 11 நாளில் 11,000 மைல் ஓட்டுவார்கள். இப்படிப்பட்டவர்களிடையே புகழ்பெற்றது ரசல் டே லாங் என்ற சீட். இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரிந்து தொடையையும் தாங்கும். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பொழுது சாயும்போதும் உட்கார முடிகிறது.

இந்த விஷயத்தில் நிஜமான பாடம் மருத்துவமனையிலிருந்து வந்தது. 1970களில் இல்லினாய் மாநிலத்தில் ராபர்ட் கிரேபி என்ற மின்பொறியாளர், சக்கர நாற்காலியிலேயே வாழ்கிறவர்களுக்கு வரும் அழுத்தப் புண்ணைப் பற்றி யோசித்தார். அவர்களுக்கு வலி தெரியாது. நெளிய முடியாது. சதை அழுகுவதுகூடத் தாமதமாகத்தான் தெரியும். ஒன்றோடொன்று இணைந்த ரப்பர் காற்றறைகளால் ஆன மெத்தை ஒன்றை அவர் செய்தார். ஒரு அறை அழுந்தினால் காற்று பக்கத்து அறைக்குப் போகும், அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாகும். அதன் பெயர் ரோஹோ. அதே கம்பெனியின் ஏர்ஹாக் என்ற மெத்தை பிறகு மோட்டார் சைக்கிள்காரர்களிடம் போனது. பைக்கில் நெளிகிறவர் நெளிய முடிகிற பாக்கியசாலி என்பது இதைப் படிக்கும்போதுதான் உறைக்கிறது.

இந்தியாவில் கதை கொஞ்சம் வேறு மாதிரிப் போனது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் புல்லட் செய்யப்பட்டது. இங்கே சீட் ஒருவருக்கானது இல்லை, குடும்பத்துக்கானது. முன்னால் டேங்கின் மேல் பையன், பின்னால் ஒரு பக்கமாகக் கால்போட்டு உட்காரும் அம்மா, மடியில் குழந்தை. புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பாதிச் சக்கரத்தையாவது மறைக்கும் காப்பு, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம் இதெல்லாம் 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதியாகவே இருக்கிறது. கலிஃபோர்னியா பாணியில் பள்ளம் செதுக்கிய சீட்டை இங்கே கொண்டுவந்தால் ஒரு பக்கமாக உட்காருகிறவரின் தொடையில் மேடு குத்தும். அதனால் நம் ஊர் சீட் தட்டையாகவே இருந்தது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஓட்டுகிறவரின் முதுகு அதற்கு விலை கொடுத்தாலும்.

2009-ல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் வந்தபோது ஓட்டுபவரின் சீட்டுக்கு அடியில் திரும்பவும் ஸ்பிரிங் வைத்தார்கள். சக்கரத்துக்குத்தான் ஷாக் அப்சார்பர் இருக்கிறதே, பிறகு எதற்கு என்றால், பழைய காலத்து அழகுக்காக. 1912-ல் முதுகைக் காப்பாற்ற வந்தது நூறு வருடம் கழித்து நகையாக வந்தது! 2021-ல் வந்த புதிய கிளாசிக்கில் அந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டார்கள்.

சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் போனால் சீட் கவர் கடைகள் வரிசையாக இருக்கும். சின்ன ஊர்களில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் குஷன் ஒர்க்ஸ் என்று போர்டு மாட்டியிருப்பார்கள். ரெக்சின் என்று நாம் சொல்வதுகூட இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே செய்த ஒரு செயற்கைத் தோலின் பிராண்ட் பெயர்தான். இந்தக் கடைகளில் ஃபோம் சீவவும் தெரியும், ஒட்டவும் தெரியும், தையலும் சுத்தம். பெரும்பாலும் கேட்கிறவர்கள்தான் கவரின் கலரோடு நின்றுவிடுகிறார்கள். குட்டையான ஆள் ஒருவர் சீட்டை எடுத்துக்கொண்டு போய், "அண்ணே, கவர் எதுவானாலும் போடுங்க, ஆனா முன்னாடி ரெண்டு பக்கமும் ரெண்டு விரக்கடை சீவி விடுங்க. தைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி உக்காந்து பார்த்துக்கறேன்" என்று சொன்னால், ஹாலிஸ்டரில் நடக்கிற வேலையில் முக்கால்வாசி அங்கேயே நடந்துவிடும்.